ஸ்ட்ரைக் கொடுக்குமுன் ஒலிப்பதிவு யாருடையது என்று பாருங்கள்

கேள்வி: நாலு பேர் சேர்ந்து பங்க் ராக் பேண்ட் நடத்தினோம். ஒன்பது பாட்டுக்கும் வரியும் மெட்டும் என்னுடையவை. ஸ்டுடியோ செலவைப் பகிர்ந்துகொண்டோம். சண்டை வந்து பேண்ட் உடைந்தது. என் ஆம்ப்ளிஃபயரையும் தராமல், பாடகன் புது ஆட்களோடு அதே பெயரில் வாசிக்கிறான். பழைய பாட்டுகளைத் தன் யூடியூபில் ஏற்றியிருக்கிறான். கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவன். பதிப்புரிமை மீறல் என்று யூடியூபிடம் புகார் செய்து, ஸ்ட்ரைக் கொடுத்துச் சேனலை மூடவைக்கலாமா? – வாசகர், காட்பாடி

பதில்: நட்பு, துரோகம், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பிறகு. அந்த ஒலிப்பதிவு யாருடையது? 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். முதல் இரண்டும் உங்களுடையவை என்றே வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவு, முன்னின்று பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்குப் போகும். நாலு பேரும் ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் தனக்கும் பங்கு உண்டு என்பார் பாடகர். லேசில் தள்ளக்கூடிய வாதமில்லை.

ஆத்திரத்தில் ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டு வக்கீலிடம் வருகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். பாடகர் யூடியூபுக்கு மறுப்பு அனுப்பினால், 10 வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குத் தொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். அதோடு, ஆதாரமில்லாத மிரட்டல் என்று அதே சட்டத்தின் 60ஆவது பிரிவில் நஷ்டஈடு கேட்டு அவரே உங்கள்மேல் வழக்குப் போடலாம். ஸ்ட்ரைக் படிவத்தில் நீங்கள் கொடுத்த உறுதிமொழி அவருக்குச் சான்றாவணம். 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்து சேனல் போனால், கேட்கும் தொகையும் ஏறும்.

இன்னொன்று, வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து "இனி பேண்ட் இல்லை" என்று யார், எந்தத் தேதியில் போட்டார்கள் என்று பாருங்கள். உங்கள் பேண்ட் பதிவில்லாத கூட்டு வியாபாரம் என்றாலும் வரவுசெலவுக் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் கலைந்த நாளிலிருந்து 3 வருடம்தான். அந்த ஒரு வரியையே கலைப்பு நோட்டீஸ் என்று எதிர்த்தரப்பு காட்டும். அதை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

என் யோசனை, சத்துவாச்சாரி கோர்ட்டில் வாய்தாவுக்கு அலையாமல் சமரசம் பேசுங்கள். பெயரை அவருக்கு விட்டுக்கொடுத்து, பாட்டு வருமானத்தில் சதவீதம் வாங்குங்கள். டி-ஷர்ட் விற்பனையையும், பெயரை டிரேட்மார்க் பதிவுசெய்யும் உரிமையையும் தனி வரியாக எழுதுங்கள். அமெரிக்காவின் மிஸ்ஃபிட்ஸ் பேண்ட் 1990களின் நடுவில் சமரசமாகிப் போன பிறகும், இதே விஷயத்துக்காக 2014இல் மறுபடி கோர்ட் ஏறியது. உரிமை மாற்றத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 வருடம், நாடு குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பாட்டு ஸ்பாட்டிஃபையில் இருப்பதால் 'உலகம் முழுவதும்' என்று எழுதச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயரையும் அதே பத்திரத்தில் சேருங்கள்.