அணிலை எதுக்குத் தூக்கினான்?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறேன். வயது 49. ஒரே மகன், மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். 2025 ஜூலையில் வடுகபட்டிச் சந்தையில் பூண்டைப் போட்டுவிட்டு, அவனை லீவுக்குக் கூட்டிவர மதுரை போனேன். "சூப்பர்மேன் வந்திருக்குப்பா, பார்த்துட்டுப் போலாம்" என்றான். அவனே டிக்கெட் எடுத்தான். தமிழில்தான் பார்த்தோம். நடுவில் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன்.

மலையேறும்போது டம்டம் பாறையில் டீ குடிக்க நிறுத்தினோம். "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டான். "ஜட்டியை வெளியில போட்டவன் பறக்குறான். ஊரே இடிஞ்சு விழுது, அவன் ஒரு அணிலைத் தூக்கிட்டு ஓடுறான். இதுக்குப் போய் மூணு மணி நேரம் தண்டம். எல்லாம் கிராபிக்ஸ்டா" என்றேன். "சரிப்பா" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனையோ படம் பார்க்கிறான், மாமா பையன்களோடு போனில் மணிக்கணக்கில் பேசுகிறான், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "உங்களுக்கு வாய் நிக்காது" என்கிறாள் மனைவி. மனதில் பட்டதைத்தானே சொன்னேன்? பிடிக்காததைப் பிடித்தது என்று பொய் சொல்ல வேண்டுமா?

விலாசம் அனுப்பினால் நம்ம பூண்டு கொஞ்சம் அனுப்பி வைக்கிறேன்.

– பூம்பாறை வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

பொய் சொல்ல வேண்டாம். முதலில் அதைத் தீர்த்துவிடுவோம். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அப்பா நடிப்பது அரை நொடியில் தெரிந்துவிடும். "சூப்பரா இருந்துச்சுடா" என்று நீங்கள் சொல்லியிருந்தால் இதைவிட மோசமாகப் போயிருக்கும். உங்கள் வாய் மேலும் எனக்குப் பெரிய புகார் இல்லை. அணிலைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு விஷயமே இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். இப்போது பூண்டு.

உங்கள் வீட்டுக்கு ஒருவர் சாப்பிட வருகிறார் என்று வையுங்கள். நம் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் வைத்திருக்கிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, ஒரு பல்லை நசுக்கினால் அடுத்த வீட்டுக்கு மணக்கும். அவர் ரசத்தைக் குடித்துவிட்டு, "பூண்டுன்னா பூண்டுதானே, எங்க தெருக் கடையிலயும் கிடைக்குது" என்கிறார். என்ன செய்வீர்கள்? சண்டையா போடுவீர்கள்? "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டி சோறு வைப்பீர்கள். அந்த ஆள் மறுபடி வந்தால் ரசம் வரும், பூண்டுப் பேச்சு வராது. டம்டம் பாறையில் உங்கள் மகன் சொன்ன "சரிப்பா" அந்தச் "சரிங்க"தான்.

எனக்கும் இது நடந்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பித்தேன். 2019 ஏப்ரலில் என் மகள் என்னை 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதுதான் நிஜமாகவே மூன்று மணி நேரப் படம். (உங்கள் சூப்பர்மேன் இரண்டு மணி ஒன்பது நிமிடம்தான் தம்பி, மிச்சத்தை இடைவேளைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.) 2008-ல் 'அயர்ன் மேன்' வந்ததிலிருந்து ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டே வந்த வரிசையில் அது இருபத்திரண்டாவது படமாம். முந்தைய இருபத்தொன்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மெகா சீரியல் முடிகிற வாரத்தில் போய் உட்கார்ந்து, "இந்தப் பொண்ணு யாரு வீட்டு மருமக?" என்று கேட்கிற பெரியம்மா நிலைமை. தியேட்டரே எழுந்து நின்று கத்துகிறது, பக்கத்தில் மகள் தேம்பித் தேம்பி அழுகிறாள், நான் பாப்கார்ன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறேன்.

வெளியே வந்ததும் அதே கேள்வி: "எப்படிம்மா?" என் நல்ல நேரம், மொத்தப் படத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்தார், வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். "அந்தக் குரல் மட்டும் நம்ம வீட்டு ஆள் பேசுற மாதிரி இருந்துச்சுடி" என்றேன். பிடித்துக்கொண்டாள். "அய்யோ அம்மா, அதுதான் படத்தையே கெடுத்துச்சு!" அந்த நேரத்தில் ரசிகர்கள் நிறையப் பேர் அதே கொதிப்பில்தான் இருந்தார்களாம். திமிரும் நக்கலுமாகப் பேசுகிற கோடீஸ்வரனுக்கு இந்தச் சாவகாசமான குரல் எப்படிப் பொருந்தும் என்று அவள். கேட்கிற என் காதுக்குப் பிடித்தால் போதாதா என்று நான். வத்தலக்குண்டில் பரோட்டாவுக்கு உட்கார்ந்தும் ஓயவில்லை. சால்னா ஆறிப்போனது. அன்றைக்குத்தான் அயர்ன் மேனின் பதினோரு வருடக் கதையை அவள் எனக்குச் சொன்னாள். படத்தைவிட அது நன்றாக இருந்தது என்றால் நம்புங்கள்.

பாருங்கள், உங்களுக்கும் ஒட்டவில்லை, எனக்கும் ஒட்டவில்லை. நான் ஒரு குரலைச் சொன்னேன், அவளுக்குப் பதில் பேச இடம் கிடைத்தது. நீங்கள் எடுத்த எடுப்பில் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். "எல்லாம் கிராபிக்ஸ்" என்ற பிறகு பிள்ளை என்ன பேசுவான், அப்பீலுக்கா போவான்?

அந்தக் கிராபிக்ஸ் வழக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்திருப்பீர்கள். 2024-ல் நம் மலையில் அதைப் பார்க்காதவர் யார்? 2006-ல் நடந்த நிஜச் சம்பவம், 'குணா' எடுத்த குகை, நம்ம ஊரு என்று எல்லோருமே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். அந்தப் பையன் குழிக்குள் விழுந்து கிடக்கும்போது என் விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போனது. ஆனால் நாம் அதில் பார்த்த குகையின் உள்பக்கம் கேரளத்தில் பெரும்பாவூரில், ஒரு கிடங்குக்குள் போட்ட செட். அந்தப் பாறையும் ஈரமும் ஆட்களின் கைவேலை. தெரிந்த பிறகு இன்னொரு தடவை பார்த்தேன், வேண்டுமென்றே, கண்டுபிடித்துவிட வேண்டும் என்று. குழி வந்ததும் மறுபடி சில்லிட்டது. கயிற்றின் அந்த முனையில் இருப்பவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிட்டால் பாறை நிஜமா, பூசினதா என்று நாம் தட்டிப் பார்ப்பதில்லை. தனி ஆளாக இருபது பேரைப் பறக்கவிடுகிற நம் ஆட்களுக்கு விசிலடித்து வளர்ந்தவர்கள் நாம். பறப்பதைப் பற்றிப் பேச நமக்கு வாய் ஏது?

இந்தப் பறக்கிறவனை உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். 1938-ல் அமெரிக்காவில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து காமிக்ஸில் உண்டாக்கிய ஆள். அந்த ஜட்டி, அந்தக் காலத்து சர்க்கஸ் பயில்வான்கள் உடுப்பைப் பார்த்துப் போட்டது. நடுவில் சில படங்களில் அதைக் கழற்றிப் பார்த்தார்கள். 2025 படத்தில் திரும்பப் போட்டார்கள். ரசிகர்கள் அதற்கும் சண்டை போட்டார்கள். ஆக அதைப் பார்த்துச் சிரித்ததில் நீங்கள் தனி ஆளில்லை.

இப்போது அணில். உங்கள் கடிதத்திலேயே உருப்படியான வரி அதுதான். படத்தை வெளியிடும் முன்னால் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது அவர்களில் சிலரும் இதையேதான் கேட்டார்களாம், இந்தக் களேபரத்தில் அணில் எதற்கு என்று. இயக்குநர் ஜேம்ஸ் கன் யோசித்துப் பார்த்துவிட்டு அதை அப்படியே வைத்துக்கொண்டார். அதாவது நீங்கள் கை வைத்த இடம் சரியான இடம். சொன்ன விதம்தான் கதவைச் சாத்திவிட்டது. "அணிலை எதுக்குடா தூக்கினான்?" என்று கேள்வியாக விட்டிருந்தால் ஊத்து தாண்டிப் பெருமாள்மலை வரைக்கும் பேசிக்கொண்டே வந்திருப்பீர்கள்.

அதுவும் நம் மலையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பழனி மலைப் பக்கத்தை ஆண்டவன் பேகன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைக் கழற்றிக் கொடுத்தவன். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்றுதான் பரணரே பாடுகிறார். குளிருமா குளிராதா என்று ஆராய்ந்து கொடுத்திருந்தால் அவன் கால்நடை டாக்டர், வள்ளல் இல்லை. இரண்டாயிரம் வருடமாக இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் வாங்கிவிட்டு, படத்து ஊரான மெட்ரோபோலிஸில் ஒருத்தன் அணிலைத் தூக்கினால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது. இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். அவனுக்கு ஜேம்ஸ் கன் தெரியும், பேகனைப் பரீட்சையோடு மறந்திருப்பான். பதிலுக்கு நீங்களும் ஒன்று கொடுத்த மாதிரி இருக்கும்.

நீங்கள் எந்த இடத்தில் கண் அசந்தீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சண்டையெல்லாம் கொஞ்சம் அடங்குகிற நேரத்தில், அடிபட்டு உடம்பு முடியாமல் சூப்பர்மேன் ஊருக்கு வருகிறான். கான்சாஸில் ஒரு பண்ணை வீடு. வளர்த்த அப்பா ஒரு சாதாரண விவசாயி. நகரத்து ஆட்கள் பார்த்தால் லேசாகச் சிரிக்கிற மாதிரிப் பேச்சு, உடுப்பு. வேற்றுக் கிரகத்திலிருந்து பெற்றவர்கள் அனுப்பிய செய்தியில் தப்பான எண்ணம் இருந்தது என்று தெரிந்து பையன் நொந்து போயிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து அந்த அப்பா தட்டுத் தடுமாறி நாலு வார்த்தை பேசுகிறார். நீ செய்வதுதான் நீ, பெற்றவர்கள் சொல்லி இல்லை என்கிற மாதிரி. பேசும்போதே அவருக்குக் குரல் கம்மிவிடுகிறது. படத்தின் தொடக்கத்தில் அவன் வேற்றுக் கிரகத்துப் பெற்றோரின் செய்தியைப் பார்த்து ஆறுதல் அடைவான். முடிவில் அந்த இடத்தில் ஓடுவது, சின்ன வயதில் இந்தப் பண்ணை வீட்டில் எடுத்த வீடியோ.

இதைக் காட்டத்தான் உங்களைக் கூட்டிப் போனான் என்று கதை கட்ட மாட்டேன். பறக்கிறதைப் பார்க்கத்தான் போயிருப்பான், பையன்கள் அப்படித்தான். ஆனால் ஹாஸ்டலில் இருக்கிற ஒரு பிள்ளை, பூண்டு போட்டுவிட்டு வந்த அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்திருக்கிறான். நீங்கள் அப்போது குறட்டை விட்டீர்களா இல்லையா என்பது அவனுக்குத்தான் தெரியும். படம் இப்போது வீட்டிலேயே பார்க்கிற மாதிரி வந்துவிட்டது. முழித்திருந்து ஒரு தடவை பாருங்கள். மொத்தமும் பிடிக்க வேண்டியதில்லை. எனக்கே அதில் ஆள் நெரிசல் அதிகம்: ஒரு பச்சை மோதிரக்காரர், ஒரு இறக்கைக்காரி, இன்னும் யார் யாரோ, யார் எதற்கு வந்தார் என்று தெரிவதற்குள் அடுத்த கட்டடம் விழுந்துவிடுகிறது. இதையும் அவனிடம் சொல்லலாம். கரடி வித்தை காட்டுகிறார்கள் என்று சொல்லாமல், "அந்த மோதிரக்காரன் யாருடா, அவனுக்குத் தனிப் படம் இருக்கா?" என்று கேட்டால் போதும்.

மன்னிப்பெல்லாம் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது, சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்பதெல்லாம் முடிந்ததும், "அந்த அணில் விஷயம் யோசிச்சேன்டா" என்று ஆரம்பியுங்கள். உடனே கொட்டிவிட மாட்டான். "ம்" என்பான். விட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறு அவனே எதையாவது எடுப்பான், எடுக்காவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு.

லீவுக்கு வரும்போது இந்தத் தடவை படத்தை நீங்கள் சொல்லுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம் 'லோகா', தமிழிலும் கிடைக்கும். பெங்களூரில் ஒரு பெண், அசாத்திய பலம். அவள் யாரென்று நான் இங்கே எழுதினால் படம் பார்க்காத வாசகர்கள் என்னைத் திட்டுவார்கள், அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அவள்தான் நீலி. மலையாளத்தார் சொல்லும் கள்ளியங்காட்டு நீலி. நமக்குப் பழையனூர் நீலி இருக்கிறாள், எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்துத் தீப்பாய்ந்த கதை. நீலிக்கண்ணீர் என்று தினமும் சொல்கிறோமே, அவள்தான். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். படத்தை அவன் சொல்லட்டும், கதையை நீங்கள் சொல்லுங்கள். அவன் குறுக்கே, "அப்பா, படத்துல அப்படி இல்ல" என்பான். சொல்லட்டும்.

வீட்டில் சொல்லிவிடுங்கள், வாய் நிற்காததற்கு வைத்தியம் இல்லை, ஆனால் கேள்விக்குறி போட்டுப் பேசப் பழக்கலாம் என்று நான் சொன்னதாக. அவர்களையும் படத்துக்குக் கூட்டிப் போங்களேன். கடிதம் முழுக்க அப்பாவும் மகனுமே இருக்கிறீர்கள்.

பூண்டு அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். வாசகர்களிடம் எதுவும் வாங்குவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். அரைக் கிலோ போதும்.