மைனஸ் 3-ஐ ஸ்கொயர் பண்ணா மைனஸ் 9-ஆ?

கேள்வி: பைத்தான் புரோகிராமிங் இப்பத்தான் கத்துக்கிறேன் சார். அதுல ** ன்னா பவர், -3**2 ன்னு அடிச்சா -9 வருது. மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ்தானே, 9 வரவேணாமா? அதே மாதிரி 5*7//2 க்கு (// ன்னா முழு எண்ணா வகுக்கிறது) 15 வரும்னு பார்த்தா 17 காட்டுது. ஸ்கூல்ல படிச்ச பாட்மாஸ் எல்லாம் பைத்தான்ல செல்லாதா?

பதில்: செல்லும், செல்லும். -3 ங்கிறது நம்ம கண்ணுக்குத்தான் ஒரே நம்பர், பைத்தானுக்கு 3 மட்டும்தான் நம்பர், முன்னாடி நிக்கிற மைனஸ் ஒரு தனி ஆபரேட்டர், அதாவது கணக்குக் குறி. அதைவிட ** க்கு முன்னுரிமை ஜாஸ்தி, அதனால முதல்ல 3**2 போட்டு 9 எடுத்துட்டு அப்புறம்தான் மைனஸ் ஒட்டுது. கணக்கு நோட்டுலயும் இதுதான் முறை, எக்ஸெல்தான் =-3^2 க்கு 9 காட்டி ஆளைக் குழப்பும். உங்களுக்கு 9 வேணும்னா (-3)**2 ன்னு பிராக்கெட் போடுங்க.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ஒரு வேரியபிள்ல -3 ஐ வச்சுட்டு அந்த வேரியபிளை **2 பண்ணா 9 தான் வரும், ஏன்னா மைனஸ் வேலை அங்க ஏற்கனவே முடிஞ்சு போச்சு. நல்லா ஓடிட்டு இருந்த ஃபார்முலால வேரியபிளைத் தூக்கிட்டு நேரா நம்பரைப் போட்டுப் பார்ப்போம் பாருங்க, அப்பதான் விடை மாறி மண்டை காயும்.

ரெண்டாவது விஷயம், பாட்மாஸ்ல டி முன்னாடி வருதுன்னு வகுத்தலை முதல்ல செய்யணும்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அது தப்பு. *, /, //, % (மிச்சம் எடுக்கிறது) நாலுக்கும் ஒரே ரேங்க், இடது பக்கத்துல எது முதல்ல வருதோ அது முதல்ல. அதான் 5*7 முடிஞ்சு 35, அப்புறம் 35//2, மிச்சத்தை விட்டுட்டு 17. நீங்க 7//2 ஐ முதல்ல போட்டு 3 ஆக்கி 5 ஆல பெருக்கியிருப்பீங்க, 15 அப்படி வந்ததுதான்.

 ** மட்டும் தலைகீழா வலது பக்கத்துல இருந்து போகும். 2**3**2 போட்டுப் பாருங்க, 64 வராது, 3**2 முதல்ல நடந்து 2**9 ஆகி 512 வரும்.

முன்னாடி ஒட்டுற மைனஸ் ** கிட்டதான் தோத்துப்போகும், // கிட்ட ஜெயிச்சுடும். அதனால -7//2 ன்னா முதல்ல -7, அதை 2 ஆல வகுத்தா -3.5, // எப்பவும் கீழ் பக்கமா இறக்குறதால -4. ஆனா -(7//2) ன்னு எழுதினா -3.