ஏஜென்சி மூலம் பக்டறி வேலை: ஒன்ராறியோவில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

தம்பி, ஏஜென்சி மூலம் பிளாஸ்டிக் பக்டறி ஒன்றில் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். காயப்பட்டால் ஏஜென்சியைக் கேட்பதா, கொம்பனியைக் கேட்பதா, ஆபத்தான வேலையை மாட்டேன் என்றால் அடுத்த நாள் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களா என்பவை உங்கள் கேள்விகள்.

பாதுகாப்புக்கு இரண்டு பேருமே பொறுப்பு. ஒன்ராறியோவின் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் முன் ஆள் அனுப்பும் ஏஜென்சியும் முதலாளி, வேலை வாங்கும் கொம்பனியும் முதலாளி. காயத்துக்கான காப்புறுதியில் மட்டும், அதாவது வேலைக் காயங்களுக்குக் காப்புறுதி தரும் ஒன்ராறியோ சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யிடம் செய்யும் கோரிக்கையில், உங்கள் முதலாளி ஏஜென்சிதான். ஆகவே எந்த ஆபத்தையும் முதலில் அந்த இடத்துச் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். உடனே ஏஜென்சிக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். வாயால் மட்டும் சொன்னால், எங்களுக்குத் தெரியாது என்று இரண்டு பக்கமும் கைவிரிக்க இடமிருக்கிறது.

2014 ஜூலை 1 முதல் இங்கே எல்லாத் தொழிலாளருக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். அது வந்த கதை துயரமானது. 2009 டிசம்பர் 24 அன்று ரொறொன்ரோவில் உயர்மாடி ஒன்றின் வெளிப்புறத் திருத்த வேலையின்போது தொங்குதட்டு உடைந்து நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அவர்களும் நம்மைப்போல வேறு நாடுகளில் இருந்து வந்தவர்கள்தான். அந்த விபத்துக்குப் பிறகு அமைத்த நிபுணர் குழுவின் பரிந்துரைதான் இந்தப் பயிற்சி. தொழில் அமைச்சின் இணையத்தளத்தில் 'நான்கு படிகள்' என்ற பெயரில் இலவசமாகச் செய்யலாம். சான்றிதழை அச்சடித்து வைத்திருங்கள், அடுத்த வேலைக்கும் அது செல்லும். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் தரவேண்டும் என்பதும் சட்டம்.

ஆனால் அந்தச் சான்றிதழ் உங்கள் மெசினைப் பற்றி ஒன்றும் சொல்லித் தராது. நீங்கள் நிற்கப்போகும் மெசினின் ஆபத்து என்ன, எப்படி நிறுத்துவது, எந்த இரசாயனம் கையில் படும் என்பதைச் சொல்லித் தருவது கொம்பனியின் தனிக் கடமை. 'பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்' என்பது பயிற்சி அல்ல. போர்க்லிப்ட்டும் அப்படித்தான். வெளியே காசு கட்டி எடுத்த அட்டை இருந்தாலும், அந்த இடத்தில் அந்த வண்டியை ஓட்ட உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று கொம்பனி பார்த்தே ஆகவேண்டும்.

கை போகும் விபத்துகளில் மிகப் பழகிப்போன வகை, சிக்கிக்கொண்ட பொருளை எடுக்கக் கையை உள்ளே விடுவது. சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மறுபக்கம் நிற்பவர் அதை விடுவித்து மெசினைத் தொடக்கலாம். மின்சாரமே நின்றாலும் காற்றழுத்தமும் சுருள்வில்லும் மேலே தூக்கி நிற்கும் வார்ப்பு அச்சின் பாரமும் அப்படியே இருக்கும். சரியான முறை இது: மெசினை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, அந்த ஆளியில் உங்கள் பெயர் போட்ட சொந்தப் பூட்டைப் பூட்டி, தேங்கிய காற்றையும் அழுத்தத்தையும் வெளியேற்றி, கடைசியில் தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி ஒன்றும் அசையவில்லை என்று பார்த்த பிறகே கை வைப்பது. திறப்பு உங்கள் சட்டைப்பையில் இருக்கவேண்டும். பூட்டே தராத இடமென்றால் சிக்கியதை நீங்கள் எடுக்கவேண்டாம், சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

உங்களுக்கும் கடமை உண்டு. பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்து ஓட்டுவது, தந்த கண்ணாடியைப் போடாமல் நிற்பது, பழுதைக் கண்டும் சொல்லாமல் விடுவது எல்லாம் தொழிலாளியின் பக்கத்துச் சட்டமீறல். மூடியைக் கழற்றினால் எண்ணிக்கை கூடும் என்று யாராவது சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள்.

இனி, வேலையை மறுக்கும் உரிமை. ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மறுக்கலாம். அதற்கு ஒழுங்கு உண்டு. 'இது பாதுகாப்பில்லை என்பதால் இந்த வேலையை மறுக்கிறேன்' என்று சூப்பர்வைசரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்விடாதீர்கள், போனால் கதை மாறிவிடும். பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். தொழிலாளர் பிரதிநிதி ஒருவரை வைத்துக்கொண்டு, உங்கள் முன்னிலையில் அவர்கள் ஆராயவேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த கூட்டுப் பாதுகாப்புக் குழு இருக்கும். உறுப்பினர் பெயர்களை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கவேண்டும், முதல் நாளே பார்த்து வையுங்கள். அவர்கள் திருத்திய பிறகும் ஆபத்து தீரவில்லை என்றால் தொழில் அமைச்சுக்கு அழைக்கலாம்: 1-877-202-0008. இதற்கிடையில் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுப்பதானால், நீங்கள் மறுத்ததையும் காரணத்தையும் அவருக்குச் சொல்லியே கொடுக்கவேண்டும்.

மறுத்ததற்காக நிறுத்துவதும் மிரட்டுவதும் குற்றம். ஆனால் ஏஜென்சிக்காரர் நிறுத்தினோம் என்று சொல்லமாட்டார், கூப்பிடாமல் விடுவார். நடைமுறையில் உங்கள் பயம் சரியானதுதான். அதனால்தான் தேதி, நேரம், யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று அன்றைக்கே குறித்து வைக்கச் சொல்கிறேன். தொழிலாளர் உறவுகள் சபையில் முறைப்பாடு செய்தால், பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில்தான் விழும். தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இதில் இலவசமாக உதவும்.

காயப்பட்டால் செய்யவேண்டியதில்தான் நம் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். 'வீட்டில் விழுந்தேன் என்று டொக்டரிடம் சொல்லு, சம்பளத்தை நான் பார்க்கிறேன்' என்பார் பாஸ். ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காயத்தைப் பதியவிடாமல் தடுப்பதே சட்டவிரோதம். இன்றைக்கு ஒரு கிழமைச் சம்பளம் தருபவர், ஆறு மாதம் கழித்து முதுகு எழும்பவிடாமல் செய்யும்போது இருக்கமாட்டார். அப்போது உங்கள் மருத்துவக் கோப்பில் 'வீட்டில் விழுந்தார்' என்றே எழுதியிருக்கும்.

உடனே முதலுதவி எடுத்து, முதலுதவிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். மருத்துவமனைக்குப் போக வாகனச் செலவு முதலாளியுடையது. டொக்டரிடம் முதல் வசனமே 'வேலையில் நடந்தது' என்பதாக இருக்கட்டும். காயப்பட்ட நாளின் முழுச் சம்பளமும் முதலாளி தரவேண்டும். சிகிச்சை தேவைப்பட்டதை அறிந்து மூன்று வேலைநாட்களுக்குள் அவர் டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அறிவிக்கவேண்டும். அவர் செய்தாலும் செய்யாவிட்டாலும் காயப்பட்டவர் தானே நிரப்பும் படிவம் 6 ஐ நீங்கள் டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அனுப்புங்கள். அதற்கு ஆறு மாதம்தான் தவணை. கோரிக்கையை ஏற்றால் இழந்த நிகரச் சம்பளத்தில் 85 சதவீதம் கிடைக்கும். கைக்காசுக்கு வேலை செய்தவருக்கும் இந்த உரிமை உண்டு. பாரம் தூக்கித் தூக்கி மெல்ல மெல்ல வந்த தோள், முதுகு நோவையும் பதியலாம், வெட்டுக்காயமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.

பிறகு இலகு வேலை தருகிறோம், வா என்பார்கள். டொக்டர் எழுதிய கட்டுப்பாடுகளுக்குள் அடங்கினால் போங்கள், மறுத்தால் கொடுப்பனவைக் குறைக்கலாம். அடங்காவிட்டால் சும்மா வீட்டில் நிற்காமல் அன்றைக்கே டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்குத் தெரிவியுங்கள்.

திங்கட்கிழமைக்கு முன் சப்பாத்து வாங்குவீர்கள்தானே. பச்சை முக்கோண அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். விரல் பக்கம் பாரம் தாங்கும், அடிப்பக்கம் ஆணி ஏறாது என்பதற்கான கனடியத் தர அடையாளம் அது. வாங்குமுன் ஏஜென்சியிடம் கேளுங்கள், சில இடங்களில் அதற்குக் காசு தருவார்கள்.