ஹவுஸ் சர்ஜன், வார்டு போஸ்டிங் மாணவர்களுக்கு: தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டரிடம் கேளுங்கள்

கே: சிஸ்டர், கிளவுஸ் போட்டால் கை கழுவத் தேவையில்லைதானே? (மூன்றாம் ஆண்டு)

தேவை. கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கையில் ஒட்டும். போடுமுன் ஒருமுறை, கழற்றியதும் ஒருமுறை. கிளவுஸ் கையோடு போனைத் தொடாதீர்கள்.

கே: ரத்தம் எடுத்துவிட்டு மூடி போடும்போது ஊசி குத்திவிட்டது. விரலைப் பிதுக்கி ஸ்பிரிட் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. (ஹவுஸ் சர்ஜன்)

முதலில் எழுந்து டியூட்டி டாக்டரிடம் போங்கள், மீதியை அப்புறம் படியுங்கள்.

பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டும் பிளீச்சும் வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். அந்த நோயாளிக்கும் உங்களுக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையென்றால் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் போனால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மொத்தம் 28 நாள். எச்ஐவி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 30 சதவீதம் வரை போகும். எல்லாரும் எச்ஐவிக்கே பயப்படுகிறீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் முடித்து, டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தவர் எத்தனை பேர்? திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். ஊசிக்கு மூடி போடவும் போடாதீர்கள்.

கே: ஹேண்ட் ரப்பா (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்), சோப்பா?

கை பார்க்கச் சுத்தமாக இருந்தால் ரப், 20 முதல் 30 விநாடி. ரத்தமோ சளியோ தெரிந்தால் சோப்பு. சி.டிஃப் (குடலைத் தாக்கும் பாக்டீரியா) பேதி நோயாளி என்றாலும் சோப்பு; அதன் ஸ்போரை, அதாவது கெட்டி உறை போட்ட வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது.

கே: கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணம் எல்லாம் தேர்வுக்கு எழுதத்தான் சிஸ்டர். ரவுண்ட்ஸில் 60 பேர். நடக்கிற காரியமா? (ஹவுஸ் சர்ஜன்)

ஆளுக்கு 20 விநாடி என்றாலே 20 நிமிடம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த கட்டிலுக்கு நடந்துகொண்டே தேய்க்கலாமே? பாட்டில் டிராலியில் இருக்க வேண்டும், வார்டு மூலையில் அல்ல. அதை வாங்கி வைப்பது எங்கள் வேலை.

அதே தம்பி: சீஃபே (யூனிட் தலைவர்) தேய்ப்பதில்லை. எங்களை மட்டும் கேட்கிறீர்கள்.

நியாயம். வகுப்பில் ஐந்தையும் வரிசையாக ஒப்பிக்கிறீர்கள், வார்டுக்கு வந்தால் முன்னால் போகிறவரைப் பார்த்து நடக்கிறீர்கள். வியன்னாவில் 1847இல் பிரேதப் பரிசோதனை முடித்து அப்படியே பிரசவ வார்டுக்கு வந்தவர்களும் மாணவர்கள்தான். குளோரின் நீரில் கை கழுவிய பிறகே வருமாறு அங்கிருந்த டாக்டர் செம்மல்வைஸ் சொன்னார், தாய்மார் சாவு சரசரவென்று குறைந்தது. அப்போதும் பெரிய டாக்டர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை.

பிஜி (மேற்படிப்பு) மாணவர் ஒருவர்: சீஃபிடம் நேரில் சொல்லுங்களேன், பார்ப்போம்.

சொல்வதில்லை. பாட்டிலைத் திறந்து அவர் கையருகில் நீட்டுவேன். நோயாளிகள் முன்னால் யாரும் மறுப்பதில்லை. நீங்களும் நீட்டலாம்.

கே: கிளவுஸ் போட்டால் ஹேண்ட் ரப் வேண்டுமா?

முதல் பதிலைப் படிக்கவும்.

கே: உடைந்த ஆம்ப்யூல் (கண்ணாடி மருந்துக் குப்பி) எந்த நிறக் குப்பைப் பெட்டியில்?

நீலம். ஊசி, பிளேடு வெள்ளைப் பெட்டி. அது முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். ரத்தப் பஞ்சு மஞ்சள், டியூபும் கிளவுஸும் சிவப்பு.

கே: அம்மாவுக்குச் சளி, எந்த ஆன்டிபயாடிக்?

டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: ஒரு கிளவுஸோடு இரண்டு நோயாளி பார்க்கலாமா?

கூடாது. கிளவுஸ் பற்றி இனி பதில் கிடையாது. அந்தக் கையோடு போனையும் எடுக்காதீர்கள்.