அண்ணனின் சாம்பல்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் லண்டனில் காலமானார். அங்கேயே தகனமும் முடிந்துவிட்டது. அவர் போய்வந்த ஆங்கிலிக்கன் தேவாலய வளவில் சாம்பலைப் புதைப்பதற்கென்றே ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. அங்கேயே வைப்போம் என்கிறார் அண்ணி. ஆளுக்கொரு கல்லறையோ பெயர்க்கல்லோ கிடையாதாம். இங்கே நாங்கள் மெதடிஸ்த குடும்பம். அம்மாவுக்கு 82 வயது. "பிள்ளைய எரிச்சும் போட்டாங்க, மறுகா அடையாளமே இல்லாமப் பூந்தோட்டத்துக்குப் போடப்போறாங்களா?" என்று அழுகிறார். பாதியைக் கொண்டுவந்து அப்பாவின் கல்லறையில் வைத்தால் என்ன?

— மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பூந்தோட்டம் என்றதும் செடிக்கு எரு தூவுவதுபோல அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், இங்கிலாந்தில் ஒருமுறை அப்படியோர் அடக்கத்தில் நிற்கும்வரை. புல்தரையில் ஒரு சதுரத்தை வெட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். நம் தென்னம்பிள்ளைக் குழியில் கால்வாசிகூட இல்லாத குழி. போதகர் ஜெபம் சொல்ல, மகள் முழந்தாளிட்டுப் பெட்டியைச் சரித்தாள். அடுப்புச் சாம்பல் மாதிரிப் பறக்கப்போகிறது என்று நான் ஓரடி பின்னால் போனேன். பறக்கவில்லை. கரகரவென்று மணல் கொட்டும் சத்தம். எரிந்து மிஞ்சிய எலும்பை இயந்திரத்தில் அரைத்த பொடி அது, ஒருவருக்கு இரண்டு மூன்று கிலோ வரும். அதிலுள்ள உப்பும் காரமும் வேருக்கு ஆகாது என்று மண்ணோடு கலந்து மூடினார்கள். பிறகு அதே புல்லை மேலே வைத்து அமுக்கினார்கள். பத்து நிமிடத்தில் இடம் தெரியவில்லை.

மண்ணில் இடம் தெரியாவிட்டாலும் ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். பல ஆலயங்களில் தனியாக நினைவுப் புத்தகமும் வைத்திருக்கிறார்கள்.

எரிப்பதை நினைத்து அம்மா கலங்குவதில் வியப்பில்லை. கொரோனாவில் இறந்தவர்களை 2020இல் கட்டாயமாக எரித்ததையும், அடுத்த மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் புதைக்க இடம் விட்டதையும் பார்த்த மாவட்டம் இது. ஆனால் அது மேலிருந்து திணித்தது. அண்ணனுடையது குடும்பம் எடுத்த முடிவு.

நம் மெதடிஸ்த சபைக்கே கல்லறை இல்லாதவர்கள் புதிதல்ல. 1813 கடைசியில் மிஷனரிமாரைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட தோமஸ் கோக் 1814இல் வழியில் இறந்து, இந்து சமுத்திரத்தில்தான் இறக்கப்பட்டார். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அந்தப் பயணத்தில் கடலோடு போனவர். ஓல்ட் இங்கே வந்து ஒரு வருடம் தாங்கவில்லை, 1815இல் இறந்துவிட்டார். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லப் போகாதீர்கள். மெழுகுதிரி கொளுத்த ஓரிடம் கேட்கிற தாய்க்குச் சரித்திரம் எதற்கு?

சரி, பாதி விஷயம். எனக்கு உடன்பாடில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 2016இல் சாம்பலைப் பிரிக்கவே கூடாது என்றது, 2023இல் சிறு பகுதியை மட்டும் வேறிடத்தில் வைக்கலாம் என்று கொஞ்சம் இளகியது. உங்களை அது கட்டுப்படுத்தாது. என் தயக்கம் வேறு. பாதி கேட்டால் அண்ணி மறுக்கமாட்டார், மறுக்கமுடியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் புல்தரையைத் தாண்டிப் போகப்போகிறவர் அவர். கணவரை மாமியாரோடு பங்குபோட்ட நினைப்பு அவருக்கு எதற்கு? முழுதாக அங்கே இருக்கட்டும், அல்லது அண்ணியே மனம் வைத்தால் முழுதாக இங்கே வரட்டும்.

எதுவானாலும் அவசரம் வேண்டாம். உடலுக்குத்தான் அவசரம், சாம்பல் காத்திருக்கும். பெட்டியில்லாமல் மண்ணில் கொட்டியதைத் திரும்ப எடுக்கமுடியாது. பெட்டியோடு வைத்தாலும், அர்ச்சிக்கப்பட்ட நிலமென்றால் அங்குள்ள திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அதை லேசில் தரமாட்டார்கள்.

அங்கேதான் என்று முடிவானால், அப்பாவின் கல்லில் அவர் பெயருக்குக் கீழே அண்ணனின் பெயரையும் வருடங்களையும் வெட்டுவியுங்கள். உடல் இல்லாவிட்டாலும் பெயர் வெட்டலாம், ஆலயத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். வெட்டுகிற அன்று அம்மாவையும் ஓட்டோவில் கூட்டிப்போங்கள். அப்புறம் அண்ணியிடம் ஒன்று கேளுங்கள்: அந்த ஆலயத்தில் நினைவுப் புத்தகம் இருந்தால், அண்ணனின் பெயரைத் தமிழிலும் எழுத விடுவார்களா? விட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் வேதாகமத்துக்குள் வைக்கலாம்.