‘போலீசார் ஒருவர்’ சரியா?

கேள்வி: பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்த மூதாட்டியை “அங்கே பணியில் இருந்த போலீசார் ஒருவர் மீட்டு மருத்துவமனையில் சேர்த்தார்” என்று ஒரு வார இதழில் படித்தேன். போலீசார் என்பது பன்மை அல்லவா? ஆங்கிலத்தில் இச்சொல்லை எப்படி ஆள்கிறார்கள்? காவலர் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது செய்திகளில் இது எதற்கு?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பன்மைதான், ‘போலீசார் ஒருவர்’ என்பது பிழை. ‘ஊரார் ஒருவர் வந்தார்’ என்று நாம் எழுதுவதில்லை. ஊராரில் ஒருவர் என்போம், அல்லது ஊர்க்காரர் ஒருவர் என்போம். தந்தையார், அம்மையார் போன்ற சொற்களில் ‘ஆர்’ விகுதி ஒருவருக்கு மதிப்புத் தருகிறது. ஊரார், வீட்டார், பெண்வீட்டார் என்னும்போது ஒரு கூட்டத்தைக் குறிக்கிறது. போலீசார் இரண்டாவது வரிசையில் நிற்கும் சொல். அதை முதல் வரிசையில் வைத்து எழுதிவிட்டதால் வந்த குழப்பம் இது.

ஆங்கிலச் செய்தி இதழ்களிலும் போலீஸ் என்பது பன்மை வினையையே கொள்ளும். தனி ஆளைச் சொல்ல போலீஸ்மேன், ஆபீசர் என்று வேறு சொல்லுக்குப் போவார்களே தவிர, ‘ஒரு போலீஸ்’ என்று எழுத மாட்டார்கள். நம் பேச்சிலோ ‘ஒரு போலீஸ் நின்னாரு’ என்பது வெகு இயல்பு. பிற ஊர்களில் ‘போலீஸ் வந்திருக்கு’ என்று அஃறிணையாகச் சொல்லக் கேட்கிறோம். பாளையங்கோட்டைத் தேநீர்க் கடை ஒன்றில் பெரியவர் ஒருவர், “தெருவுக்குள்ள போலீஸ் வந்திருக்காவ” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஆங்கிலம் அறியாத அவர் ஆங்கில இலக்கணத்தின்படியே பன்மை வினை கொடுத்தார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அயற்சொல்லோடு ‘ஆர்’ சேர்வதும் புதிதன்று. கம்பெனி என்பது கும்பினி ஆகி, கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்தியவர்கள் கும்பினியார் ஆனார்கள். போலீசார் அந்தத் தடத்தில் வந்த சொல். (சர்க்கார் என்பதை இந்த வரிசையில் சேர்த்துவிடக் கூடாது, அது பாரசீகத்திலிருந்து வந்த சொல், அதன் கடைசி ‘ஆர்’ நம் விகுதி அன்று.)

காவல் என்ற சொல்லுக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. பாளையக்காரர்கள் தேசகாவல் என்ற பெயரில் ஊர்களிடமிருந்து வரி பெற்று வந்தனர். அந்தந்த ஊருக்குத் தலக்காவலும் இருந்தது. களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு கொடுப்பதோ காவல்காரர் பொறுப்பு. கும்பினியார் பாளையங்களை ஒடுக்கியபோது தேசகாவலையும் பறித்துக்கொண்டனர். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் சீருடைப் படை அமைந்தபோது, ஊருக்குக் கட்டுப்பட்ட காவலிலிருந்து சர்க்காருக்குக் கட்டுப்பட்ட இந்தப் புதிய ஏற்பாட்டைப் பிரித்துச் சொல்ல போலீஸ் என்ற சொல் வசதியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. இன்றும் காவல்காரர் என்றால் நமக்குத் தோப்புக் காவல்தான் நினைவுக்கு வருகிறது. காவல் நிலையம், காவல்துறை, காவலர் எல்லாம் அரசு வழக்கில் நிலைத்துவிட்டன. செய்தியில் தாராளமாக எழுதலாம். ஆனால் காவலர் என்பது ஒரு பதவியின் பெயரும்கூட. ஆய்வாளர், உதவி ஆய்வாளர், காவலர் என எல்லோரும் சேர்ந்து சென்ற இடத்தில் ‘காவலர்கள் சென்றனர்’ என்றால் பொருள் குறுகிவிடும். அங்கே போலீசார் அல்லது காவல்துறையினர் என்பதே பொருந்தும்.

போலீசார், போலீஸார் என்ற இரண்டு எழுத்துமுறையும் வழக்கில் உண்டு. ஒரே பக்கத்தில் இரண்டும் வரக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்குள்ள குறை வேறு. ‘போலீசார் தெரிவித்தனர்’ என்று முடியும் செய்திகளில் பெரும்பாலும் பேசியவர் ஒரே ஓர் அதிகாரிதான். ஆங்கில இதழ்களும் இப்படித்தான் ஒருவர் சொன்னதைப் படை முழுவதின் கூற்றாக ஆக்கிவிடுகின்றன. நம் ‘ஆர்’ விகுதியும் அதற்குத் துணைபோகிறது. உதவி ஆய்வாளர் சொன்னார் என்று எழுதினால் வாசகருக்கு எடைபோட வழி கிடைக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட வரி, ‘அங்கே பணியில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் மீட்டு மருத்துவமனையில் சேர்த்தார்’ என்று இருந்திருக்க வேண்டும். மீட்டவர் பெண்ணாக இருந்தால், ‘பெண் காவலர் ஒருவர்’.