அலெக்ஸ் ரான்ஸின் இருநூறு ஆட்டங்கள் – கடிதம்

வணக்கம்.

ஆஸ்திரேலிய ஃபுட்டி பற்றிய உங்கள் கட்டுரையில் ரிச்மண்ட் அணியின் அலெக்ஸ் ரான்ஸை ‘நான் பார்த்த பின்கள ஆட்டக்காரர்களில் முதன்மையானவர்’ என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. முப்பது வயதில், 200 ஆட்டங்களோடு, தாமாகவே விலகிப் போன ஒருவரை, 400 ஆட்டங்கள் ஆடிய எஸ்ஸன்டனின் டஸ்டின் ஃபிளெட்சருக்கு மேலே எப்படி வைக்கிறீர்கள்? தொடர்ந்து ஆடியிருந்தால் ரிச்மண்ட் வென்ற 2020 கோப்பையும் ரான்ஸ் கையில் இருந்திருக்கும் அல்லவா? என் மகன் சிறுவர் அணியில் பின்களத்தில் ஆடுகிறான். அவனுக்கு யாரை முன்மாதிரியாகக் காட்டுவது என்ற குழப்பத்திலும் இதைக் கேட்கிறேன்.

ஒரு வாசகர், மெல்பர்ன்

அன்புள்ள நண்பருக்கு,

2019 டிசம்பரில் ரான்ஸ் ஓய்வை அறிவித்த நாளில் எனக்கும் உங்களைப் போலவே மனம் ஆறவில்லை. அவ்வாண்டின் முதல் ஆட்டத்திலேயே, கார்ல்டன் அணிக்கு எதிராக, முழங்கால் தசைநார் அறுந்து பருவம் முழுவதையும் இழந்திருந்தார். தேறி வந்து இன்னும் சில ஆண்டுகள் ஆடுவார் என்றுதான் ரிச்மண்ட் ரசிகர்களான நாங்கள் காத்திருந்தோம். அந்த வருத்தம் தணிந்த பிறகு யோசித்து எழுதியதுதான் நீங்கள் மறுக்கும் அந்த வரி. இப்போதும் அதிலிருந்து நான் மாறவில்லை.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சிறிது விளக்கிவிடுகிறேன். நீள்வட்ட மைதானம், அணிக்கு 18 பேர், இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்தால் அது ‘கோல்’, 6 புள்ளி; பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. குறைந்தது 15 மீட்டர் பறந்து வரும் உதையைத் தரையில் விழும் முன் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம். கம்பங்களுக்கு நேரே எதிரணியின் ஃபுல்-ஃபார்வர்ட், அதாவது கோல் அடிக்கவென்றே முன்னால் நிற்பவர், மார்க் எடுத்துவிட்டால் பெரும்பாலும் 6 புள்ளி போய்விட்டது என்றே பொருள். எனவே அவரை ஒட்டி நிற்கும் ஃபுல்-பேக்குக்குப் பந்தைப் பிடிப்பதைக் காட்டிலும் அவரைப் பிடிக்கவிடாமல் செய்வதே முதல் கடமை. முஷ்டியால் பந்தைக் குத்தி அகற்றும் இச்செயலை ‘ஸ்பாயில்’ என்கிறார்கள். ஆட்டக் கணக்கில் இதுபோன்றவை ‘ஒன் பெர்சென்டர்’, அதாவது நூற்றில் ஒரு பங்கு வேலை, என்ற தலைப்பில் அடங்கிவிடும். அந்தப் பெயரே எனக்கு ஒப்பாது; ஒரு கோலைக் காப்பாற்றிய கைக்கு நூற்றில் ஒரு பங்கு என்பது என்ன நியாயம்? ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கென்று நடுவர்கள் வாக்களித்துத் தரும் பிரவுன்லோ பதக்கமும் அப்படித்தான். எஸ்ஸன்டனின் பின்களத்தில் ஆடிய கேவின் வாங்கனீன் 1993-இல் அதைப் பெற்றார். அதன் பிறகு அது பெரும்பாலும் நடுக்கள ஆட்டக்காரர்களுக்கே போய்க்கொண்டிருக்கிறது.

ரான்ஸை நான் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் (எம்.சி.ஜி.) கோல் கம்பங்களுக்குப் பின்னாலிருந்தே பார்க்க விரும்புவேன். தொலைக்காட்சி பந்தைத் தொடர்ந்து போகிறது. அவருடைய ஆட்டமோ பந்து வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒரு முன்கை எதிராளியின் இடுப்பில் படிந்திருக்கும். அந்தத் தொடுகை ஒன்றாலேயே அவன் எந்தப் பக்கம் எடையை மாற்றுகிறான் என்பதை அறிந்துகொள்வார். கண்களோ தொலைவில், உதைக்கப்போகிறவருடைய தோளில் இருக்கும். பந்து அந்தக் காலிலிருந்து கிளம்பும்போது இவர் ஏற்கெனவே அரையடி நகர்ந்திருப்பார். அதன் பிறகுதான் அவருக்கே உரிய அந்த முடிவு வரும்: தம் ஆளோடு நிற்பதா, அவனை விட்டுவிட்டுப் பந்துக்கே ஓடுவதா? கணக்குத் தப்பினால், கைவிடப்பட்ட ஆள் கோலுக்கு முன்னால் தனியாக நிற்பான், அரங்கமே அதைப் பார்க்கும். ரான்ஸ் ஓடுவார். எழும்பி, எதிரணி தன் ஆளுக்கென்று அனுப்பிய பந்தைத் தாமே மார்க் எடுத்துவிடுவார். பின்களத் தோழர்களான டிலன் கிரைம்ஸும் டேவிட் ஆஸ்ட்பரியும் அவர் விட்டுச்சென்ற இடத்தை அடைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையே அந்தத் துணிவுக்கு அடிப்படை.

இது அவருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடவில்லை. பெர்த்திலிருந்து 2007 வீரர் தேர்வில் 18-ஆவதாக எடுக்கப்பட்டு, 2009-இல் முதல் ஆட்டம் ஆடியவர். டேமியன் ஹார்ட்விக் பயிற்சியாளராக வந்த 2010-இல் ரிச்மண்ட் முதல் ஒன்பது ஆட்டங்களையும் தோற்றது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் பின்களத்தில் நிற்பவனுக்கு ஓய்வே கிடையாது, பந்து வந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், அந்தந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கப்படும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பெற்று, 2017-இல் அதன் தலைவராகவும் அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டில் ரிச்மண்ட், அடிலெய்டை 48 புள்ளி வித்தியாசத்தில் வென்று, 37 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைத் தொட்டது. அடுத்த ஆண்டு இறுதியாட்டத்துக்கு முந்தைய சுற்றில் காலிங்வுட்டின் 211 சென்டிமீட்டர் உயர மேசன் காக்ஸ் ரிச்மண்ட் பின்களத்தையே திணறடித்ததும் உண்மைதான். அன்று ரான்ஸும் தோற்றார்.

ஃபிளெட்சரை நான் எங்கும் குறைத்துச் சொன்னதில்லை. பள்ளி இறுதியாண்டு மாணவராக இருந்தபோதே 1993 கோப்பையை வென்ற அணியில் ஆடியவர் அவர். டன்ஸ்டால், லாக்கெட், மூத்த ஏப்லட் என ஃபுல்-ஃபார்வர்டுகளின் பொற்காலத்தை அந்த நீண்ட கைகளால் எதிர்கொண்டு, 2000-இல் இரண்டாவது கோப்பையும் பெற்று, 2015 மே மாதத்தில் 40 வயதில் 400-ஆவது ஆட்டம் ஆடினார். அவருக்கு முன் அந்த எண்ணிக்கையை எட்டியவர்கள் இருவரே. அந்த ஆட்டத்தில் காயமுற்றவர் பிறகு களம் காணவில்லை. 23 பருவங்கள் ஓர் உடல் தாங்கியது என்பதே எனக்கு வியப்பு. நீடித்து நின்றதற்கு மதிப்பெண் போடுவதென்றால் ஃபிளெட்சர்தான், ஐயமில்லை. ஐந்தாண்டு உச்சத்தின் உயரத்தைப் பார்த்தால் ரான்ஸ் என்பது என் கணிப்பு.

2020 கோப்பையைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியாட்டத்தை நினைவுபடுத்துகிறேன். ரான்ஸ் ஆடாத அந்த ஆட்டத்தில் ரிச்மண்ட், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியை மொத்தமே 3 கோல், 25 புள்ளிகளில் நிறுத்தி 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அந்த வெற்றியில் கிரைம்ஸுக்கும் பின்களத்தின் நிக் விளாஸ்டூயினுக்கும் பயிற்சியாளர் ஹார்ட்விக்குக்கும் பெரும் பங்குண்டு. ஆனாலும், ஆளை விட்டுப் பந்துக்குப் போகும் அந்த முறையை அவர்களோடு ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழக்கியவர் ரான்ஸ். தான் இல்லாதபோதும் நிற்கும் பின்களத்தை விட்டுச் சென்றவரை, அணியைக் கைவிட்டவர் என்று என்னால் எண்ண முடியவில்லை.

குடும்பம், மனநலம், இறைநம்பிக்கை ஆகியவற்றுக்காக விலகுவதாக அவர் சொன்னார். அவர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். 2015-இலேயே ஆட்டத்தை விட்டுவிடுவதைப் பற்றி யோசித்தவர். புகழின் நடுவிலும் அந்தக் கேள்வி அவரிடம் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. முழங்கால் கிழிந்து ஓராண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அதன் விடை தெளிந்திருந்தால், இன்னும் நான்கு பருவங்கள் எனக்காக ஆடு என்று கேட்க, இருக்கையில் அமர்ந்து பார்த்த எனக்கு எந்த உரிமையும் இல்லை.

மகனுக்கு இருவரையும் காட்டுங்கள். கூடவே ஜீலாங்கின் ஃபுல்-பேக் மேத்யூ ஸ்கார்லட்டையும் காட்டுங்கள். 2009 இறுதியாட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தபோது, தரையில் கிடந்த பந்தைக் குனிந்து எடுக்க நேரமில்லை என்று உணர்ந்து, ஓடிய வேகத்திலேயே பெருவிரலால் அதை இளைய கேரி ஏப்லட்டிடம் தள்ளிவிட்டார்; அங்கிருந்து போன பந்தைத்தான் பால் சாப்மன் கோலாக்கினார். ஒரு ஃபுல்-பேக் மைதானத்தின் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவனையே கேட்டுப் பாருங்கள்.

மகனின் அடுத்த ஆட்டத்தின்போது நீங்களும் கோல் கம்பங்களுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பந்து மறுமுனையில் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான், யாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறான், எங்கே பார்க்கிறான் என்று கவனியுங்கள். வீடு திரும்பும் வழியில் அதைப் பற்றி அவனோடு பேசிவிட்டு, அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.